தோட்டப்புல்லும் சினைப்பசுவும்

களியக்காவிளையைக் கடந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் பெருவழியில் முதலில் எதிர்ப்படும் ஊர் பாறசாலை. அதற்கு அப்பால் நெய்யாற்றின்கரை. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாற்றி வகுக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. நிலப்படத்தில் கோடு விழுந்ததே அன்றி, மக்களின் வாழ்க்கை அக்கோட்டால் பிரிந்துவிடவில்லை. வீடு ஒரு மாநிலத்திலும் விளைநிலம் மற்றொரு மாநிலத்திலுமாக உள்ள குடும்பங்கள் இன்றும் உண்டு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் முன்போலவே நடக்கின்றன. பனச்சமூட்டுச் சந்தையில் ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பவர்களைக் காணலாம். மேய்ச்சலுக்குப் போகும் மாடுகளைப் பற்றியோ சொல்லவே வேண்டுவதில்லை. அவை எக்காலத்திலும் எல்லை அறிந்தவை அல்ல.

இவ்வூர்களிலிருந்து கிழக்கே வெள்ளறடை, அம்பூரிப் பக்கம் செல்லச் செல்ல நிலம் மேடாகி மலையாகிறது. செம்புறை மண். தாழ்வான இடங்களில் தென்னையும் வாழையும் மரச்சீனியும், மேட்டிலெல்லாம் ரப்பர். மரச்சீனி என்று அங்குள்ளோர் சொல்வது நம்மிற் பிறர் மரவள்ளி என்றும் குச்சிக்கிழங்கு என்றும் வழங்குவதே. ஐந்து சென்ட், பத்து சென்ட் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு, ரப்பர் பால் வெட்டுவதற்கோ கட்டட வேலைக்கோ செல்லும் தமிழ்க் குடும்பங்களில் பல, கொல்லையில் ஒரு பசுவும் வைத்திருக்கின்றன. காலையில் சங்கத்திற்குப் பால் அளந்துவிட்டு, பசுவை அண்டையிலுள்ள ரப்பர்த் தோட்டத்தில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவர். மாலையில் அவிழ்த்து வருவர். பசு சினையாக இருந்தாலும் இதுவே வழக்கம். இவ்வழக்கத்தில் மறைந்து கிடக்கும் இடரைப் பற்றியே இக்கட்டுரை.

நான் கால்நடை மருத்துவன் அல்லன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். இப்பொருளில் எனக்கு அக்கறை உண்டானது அலுவல் வழியாக அன்று, வீட்டு வழியாக. என் தமக்கையார் வாழ்க்கைப்பட்டது இந்த எல்லையோர ஊர்களுள் ஒன்றில். சில ஆண்டுகளுக்கு முன் அவர் வளர்த்த கலப்பினப் பசு தலையீற்றுச் சினையாக இருந்தது. ஏழாம் மாதத்தில் நான் அங்கே சென்றிருந்தபோது, அது பகல் முழுதும் ரப்பர் மரத்தடியில் நின்றது. வீடு திரும்பியதும் ஒரு வாளிக் கழுநீரும் ஒரு கட்டு வைக்கோலும் தின்றது. பிண்ணாக்கு, தவிடு எதுவும் இல்லையா என்று கேட்டேன். "பால் கறக்காத மாட்டுக்கு என்னத்துக்குத் தம்பி தீவனம்? தோட்டத்துல புல்லு கெடக்குல்லா!" என்றார் அக்கா. கேட்டதற்கு நியாயமாகவே தோன்றியது, நானும் பேசாதிருந்துவிட்டேன். நாள் நிறைந்து பசு ஈன்றது. கன்று எழுந்து நிற்கவில்லை. நான்காம் நாள் அது இறந்தது. பசு பிழைத்தது, ஆயினும் எதிர்பார்த்த பாலில் பாதிகூடச் சுரக்கவில்லை. கடன் வாங்கி வாங்கிய மாடு அது. வந்து பார்த்த மருத்துவர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. "தாய்க்கு வயிறு நிறைந்திருக்கிறது; கன்றுக்குத்தான் பட்டினி" என்று மட்டும் கூறினார். அவர் சொன்னதன் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முயன்றதில் நான் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் தோட்டத்துப் புல்லைப் பார்ப்போம். திருவிதாங்கூரில் ரப்பர் வாணிகப் பயிராகத் தொடங்கியது 1902 ஆம் ஆண்டில், பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில். அங்கிருந்து தெற்கே பரவிக் குமரி மாவட்டம் வரை வந்தது. ரப்பர்க் கன்று நட்ட முதல் மூன்று நான்கு ஆண்டுகள் வரிசைகளுக்கிடையே வெயில் நன்றாக விழும். புல் செழித்து வளரும். ஆனால் அப்பருவத்தில் மாட்டை உள்ளே விடுவதற்கு எந்தத் தோட்டக்காரரும் இசையார். இளங்கன்றுகளைக் கடித்துவிடும், மிதித்துவிடும். ஐந்தாறு ஆண்டுகள் சென்றபின் கிளைகள் ஒன்றோடொன்று கூடி வானத்தை மறைத்துக்கொள்ளும். ஏழாம் ஆண்டளவில் பால் வெட்டத் தொடங்குவர். அப்பொழுதுதான் மாட்டைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுக்கொடுப்பர். அந்நிலையில் மரத்தடியில் எஞ்சியிருப்பது நிழலில் வெளுத்த, நீர்மிகுந்த, சத்துக் குறைந்த புல்லே. ஆக, புல் மிகுந்த தோட்டத்தில் மாட்டுக்கு இடமில்லை. மாட்டுக்கு இடமுள்ள தோட்டத்தில் புல் இல்லை.

இன்னொரு மாற்றமும் நேர்ந்திருக்கிறது. மண் அரிக்காதிருக்கவும் தழைச்சத்து சேரவும் ரப்பர் வரிசைகளுக்கிடையே மூடுபயிர் விதைப்பது வழக்கம். முன்னாளில் பெரிதும் விதைக்கப்பட்டது பியூரேரியா என்னும் கொடி. மலையாளத்தில் தோட்டப்பயர் என்பர். பயறு வகையைச் சேர்ந்ததாகையால் புரதம் நிறைந்தது. மாடுகள் விரும்பித் தின்னும். அளவுக்கு மீறி ஈரத்தோடு தின்றால் வயிறு உப்பும் என்பதொன்றே குறை. பின்னர்த் திரிபுரா நாட்டுக் காடுகளிலிருந்து வந்த முக்கூனா பிராக்டியேட்டா என்னும் கொடி பரவலாயிற்று. இது நிழலிலும் தழைக்கும், களைகளை அமுக்கிவிடும். ஆனால் மாடு இதனை முகர்ந்துவிட்டு அப்பால் போய்விடும். தோட்டக்காரருக்கு அது பெரு நன்மை; அவரைக் குறை கூறுவதற்கில்லை. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தோட்டம் முன்னிலும் பசுமையாகத் தோன்றும். அப்பசுமைக்கு நடுவே கட்டப்பட்ட மாடோ, கயிறு எட்டும் வட்டத்துக்குள் தின்னத்தக்கது எதுவென்று தேடிக்கொண்டிருக்கும்.

தோட்டம் மாறியது போலவே பசுவும் மாறிவிட்டது. நம் பாட்டிமார் வளர்த்தவை சிறிய நாட்டுப் பசுக்கள். வைக்கம் பக்கத்து வேச்சூர்ப் பசு அவ்வகைச் சிற்றினங்களுள் ஒன்று. அழியும் நிலையிலிருந்த அதனை 1989 முதல் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் காத்துப் பெருக்கினர். இத்தகைய பசு கறப்பது கொஞ்சம், தின்பதும் கொஞ்சம். ஈனும் கன்றும் சிறிது. மரத்தடிப் புல்லும் கழுநீரும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. 1963 ஆம் ஆண்டில் மூணாற்றுக்கு அருகே மாட்டுப்பட்டியில் இந்திய–சுவிட்சர்லாந்துக் கூட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பிரவுன் சுவிஸ் காளைகளைக் கொண்டு நாட்டுப் பசுக்களை இனக்கலப்புச் செய்தனர். சுனந்தினி என்னும் பெயர் பெற்ற இனம் அவ்வாறு உருவானது. இன்று கேரளத்துத் தொழுவங்களில் நிற்பவை பெரும்பாலும் கலப்பினப் பசுக்களே. பாட்டி காலத்துப் பசுவைப்போல மூன்று மடங்கும் நான்கு மடங்கும் பால் தரும் பசுவுக்குப் பாட்டி காலத்து உணவையே நாம் அளிக்கிறோம். அக்காவின் தவறு அறியாமை அன்று. ஒரு காலத்தில் சரியாக இருந்த வழக்கத்தைக் காலம் மாறியபின்னும் நம்பியதே.

கணக்கைச் சற்றே பார்க்கலாம். 350 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவுக்கு, ஈரத்தை நீக்கிக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 9 அல்லது 10 கிலோ உலர்பொருள் வேண்டும். பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீரே. ஆகவே புல்லினால் மட்டும் வயிறு நிரப்புவதாயின் 40 கிலோவுக்கு மேல் மேய வேண்டும். முதிர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் ஒரு முளையில் கட்டப்பட்ட மாடு பகல் முழுதும் முயன்றாலும் அவ்வளவு கிட்டாது.

இனிச் சினையின் இயல்பு. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். முதல் ஆறு மாதத்தில் கரு உருவம் பெறுகிறதேயன்றி எடை அதிகம் பெறுவதில்லை. பிறக்கும்போது கன்றுக்குள்ள எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. கன்று வளர வளரத் தாயின் இரைப்பைக்குள்ள இடம் சுருங்குகிறது. தேவை கூடும் வேளையில் தின்னும் அளவு குறைகிறது என்பதே இதிலுள்ள சிக்கல். பையளவு குறைந்துவிட்டால், பைக்குள் போடும் பொருள் கனமானதாக இருக்க வேண்டுமல்லவா? நீர்த்த புல்லையும் வைக்கோலையும் கொண்டு அவ்விடத்தை அடைத்துவிட்டால், பசு பசி தீர்ந்ததென்று படுத்துவிடும். கன்றுக்கு வேண்டிய புரதமும் தாதுக்களும் போய்ச் சேரா. மருத்துவர் சொன்ன வாக்கியத்தின் பொருள் இதுவே.

போதாத உணவைத் தாயின் உடல் சிறிது காலம் தன் சேமிப்பிலிருந்து ஈடு செய்யும். தசையையும் கொழுப்பையும், எலும்பிலுள்ள சுண்ணத்தையும் கரைத்துக் கன்றுக்குக் கொடுக்கும். அதனால் கன்று பிழைத்தாலும் தாய் மெலியும். ஈன்றபின் மடி சுரக்காது. மறுபடியும் பருவத்துக்கு வர மாதங்கள் பிடிக்கும். தலையீற்றுக் கிடாரி என்றால் நிலைமை இன்னும் கடினம். அது தானும் வளர்ந்துகொண்டிருக்கும் உயிர். முதற்சினையைப் பழந்தமிழில் கடுஞ்சூல் என்றனர்; மலையாளிகள் இன்றும் கடிஞ்ஞூல் என்கின்றனர். சினையைச் செனை என்று குமரியிலும், சென என்று மலையாளத்திலும் வழங்குகின்றனர். பிண்ணாக்கும் தவிடும் ஈற்றும் இரு மொழிக்கும் பொது. ஆகவே எல்லையோரத் தமிழர் கேரளத்துக் கால்நடை மருத்துவமனைக்குச் சென்றால் மொழி தெரியாதே என்று தயங்க வேண்டுவதில்லை. கடையில் காலித்தீற்ற என்று எழுதிய மூட்டையைக் கண்டு மயங்கவும் வேண்டா. அது கலப்புத் தீவனம்தான்.

அளவு யாது? சினை ஆறு மாதம் நிறைந்தது முதல், வழக்கமாகக் கொடுக்கும் உணவுக்கு மேலாக நாட்டுப் பசுவுக்கு நாளொன்றுக்கு 1.25 கிலோவும், கலப்பினப் பசுவுக்கு 1.75 கிலோவும் அடர்தீவனம் கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் கால்நடை அறிஞர் வகுத்துள்ள பொது விதி. வைக்கோலை மட்டுமே நம்பியிருக்கும் பசுவாயின், உடலைப் பேணுவதற்கென்றே நாட்டினத்துக்கு 1.25 கிலோவும் கலப்பினத்துக்கு 2 கிலோவும் வேண்டும்; அதற்கு மேல்தான் சினைக்குரிய பங்கு. இவ்வளவும் வாங்க இயலாதவர்கள் நல்ல பசுந்தீவனத்தால் ஒரு பகுதியை ஈடு செய்யலாம். 20 கிலோ நல்ல புல்லோ, 6 முதல் 8 கிலோ வரை தட்டைப்பயறு போன்ற பயறுவகைத் தழையோ ஒரு கிலோ அடர்தீவனத்துக்கு நிகராகும். வீட்டிலேயே கலப்பதாயின் 100 கிலோவுக்கு மக்காச்சோளம் முதலிய தானியம் 40, தேங்காய்ப் பிண்ணாக்கோ கடலைப் பிண்ணாக்கோ 30, தவிடு 27, தாது உப்புக் கலவை 2, சாதாரண உப்பு 1 என்ற அளவில் கலந்துகொள்ளலாம். மழைக்காலத்தில் பிண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால், காசு போனாலும் போகட்டும் என்று எறிந்துவிடுவதே நல்லது. பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும், சினைக்கும் ஊறு செய்யும்.

தவிட்டைப் பற்றி ஒரு சொல். செம்புறை மண்ணில் பாஸ்பரச் சத்து குறைவு; அம்மண்ணில் விளைந்த புல்லிலும் குறைவே. எலும்பையும் துணியையும் செருப்பையும் மாடு கடித்து மெல்லுவதைக் கண்டால் அது குறும்பு என்று எண்ணிவிடக் கூடாது. அச்சத்துக்கான ஏக்கம் அது. ஈன்ற சில வாரங்களில் சில மாடுகளுக்குச் சிறுநீர் சிவந்து இறங்கி உயிருக்கே இடராவதும் இக்குறையால் நேர்வதுண்டு. தவிட்டில் பாஸ்பரம் மிகுதி. தவிடு கலவாத வெறும் கழுநீரால் இக்குறை தீராது. அதுபோலவே, பழைய வைக்கோலில் வைட்டமின் ஏ உண்டாக்கும் பசும்பொருள் இல்லை. மாதக்கணக்கில் வைக்கோலையே தின்ற பசு ஈனும் கன்று பார்வைக் குறையோடும் நோயெதிர்க்கும் வலிமை இன்றியும் பிறக்கக்கூடும். நாள்தோறும் சில கிலோ பச்சை போதும். அகத்தித் தழையாயின் மிக நன்று.

சத்துப் போதாமை மெல்லக் கொல்லும் இடர். உடனே கொல்லும் இடரும் தோட்டத்தில் உண்டு. ரப்பர் இலையிலும் மரச்சீனி இலை, கிழங்குத் தோல், தண்டிலும் லினமாரின் என்னும் ஒரே பொருள் இருக்கிறது. இரண்டும் ஆமணக்குக் குடும்பத்துச் செடிகள் என்பதை நினைத்தால் இது வியப்பன்று. இலை நசுங்கும்போது அதிலுள்ள நொதி இப்பொருளைச் சிதைத்து ஐதரசன் சயனைடு என்னும் கொடிய நஞ்சை விடுவிக்கிறது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களும் இவ்வேலையையே செய்வதால், அசைபோடும் விலங்குகளுக்கு இந்நஞ்சு மற்ற விலங்குகளைவிட விரைவாக ஏறும். தின்ற அரைமணிக்குள் மூச்சு வாங்கும். வாயில் நுரை தள்ளும். உடல் நடுங்கி மாடு விழும். கண்ணிமையைப் புரட்டிப் பார்த்தால் உட்புறம் வழக்கத்தைவிடச் செக்கச் சிவந்திருக்கும். இரத்தத்தில் உயிர்வளி இருந்தும் உடலின் அணுக்களால் அதனைப் பயன்படுத்த முடியாமையே காரணம்.

2023 ஆம் ஆண்டின் கடைசி நாளில், இடுக்கி மாவட்டம் தொடுபுழையை அடுத்த வெள்ளியாமற்றத்தில் ஒரே வீட்டுத் தொழுவத்தில் 13 மாடுகள் மாண்டன. அவை தின்றது மரச்சீனித் தோல். பள்ளியில் படிக்கும் பையன் ஒருவன் பேணி வந்த மந்தை அது; கேரளம் முழுவதும் அச்செய்தி கேட்டுக் கலங்கியது. அரசும் பொதுமக்களும் உதவிக்கு வந்தனர். அதே ஆபத்து பாறசாலைப் பக்கத்து வீடுகளிலும் நாள்தோறும் கொல்லையில் கிடக்கிறது. மரச்சீனி இல்லாத வீடு அங்கே ஏது? திருவிதாங்கூரில் அக்கிழங்கை மக்கள் உணவாகப் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. அன்றுமுதல் கிழங்கு மனிதனுக்கு, தோல் மாட்டுக்கு என்ற பழக்கம் வந்துவிட்டது. வெயிலில் நன்றாகக் காய்ந்த தோலில் நஞ்சு பெரிதும் நீங்கிவிடும். வாடியும் வாடாமலும் இருக்கும் பச்சைத் தோலும் தழையுமே ஆபத்து.

ரப்பரில் கவனிக்க வேண்டிய பருவம் மார்கழி தொடங்கி மாசி வரை. மரங்கள் இலை உதிர்த்து, செம்பு நிறத் தளிர் விடும் காலம் அது. இளந்தளிரிலே நஞ்சு மிகுதி. காற்றில் முறிந்த கிளையும், பால் வற்றிய மரங்களை வெட்டிச் சாய்க்கும்போது தரையில் குவியும் பசுந்தழையும் மாட்டுக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடுகின்றன. வெட்டு நடக்கும் தோட்டத்தில் அந்நாள்களில் எந்த மாட்டையும் கட்டலாகாது. பசித்திருக்கும் சினைப்பசுவையோ எக்காரணம் கொண்டும் கட்டலாகாது. விபரீதம் நேர்ந்துவிட்டால் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசி வழியே செலுத்தினால் பிழைக்க வழியுண்டு. இவற்றுள் இரண்டாவது வேறொன்றுமன்று. பழைய புகைப்பட நிலையங்களில் படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்திய ஹைப்போ உப்புத்தான். என்ன தின்றது, எப்போது தின்றது என்பதை மறைக்காமல் சொல்வது மருத்துவருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும். அடுத்தவர் தோட்டத்தில் கட்டிய குற்றத்துக்கு அஞ்சி அதனை மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

தோட்டத்து மற்ற தீங்குகளைச் சுருங்கச் சொல்கிறேன். தென்மேற்குப் பருவமழைக்கு முன் இலையுதிர் நோயைத் தடுக்கச் செம்பு கலந்த மருந்து தெளிப்பர்; அது கீழேயுள்ள புல்லிலும் படியும். செம்பு ஈரலில் சேர்ந்து, ஆட்டை விரைவிலும் மாட்டைச் சற்றுத் தாமதமாகவும் தாக்கும். மருந்து தெளித்த தோட்டத்திலும் களைக்கொல்லி அடித்த வரப்பிலும் மழை நன்றாகப் பெய்து புதுப்புல் வளரும்வரை மேய்க்கக் கூடாது. ஓரங்களில் மண்டும் உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்கு மஞ்சட்காமாலையும், வெயில் பட்ட இடத்தில் தோல் வெடிப்பும் உண்டாகும். மரத்தில் கட்டிய பாலித்தீன் மழைமறைப்பு கிழிந்து விழுந்தால் அதையும் விழுங்கும். சிரட்டையில் நிற்கும் ரப்பர்ப் பாலையும் நக்கும். பால் வயிற்றில் உறைந்து கட்டியானால் அசைபோடுதலே நின்றுவிடும்.

நிலத்தின் அமைப்பும் சினைப்பசுவுக்கு ஏற்றதன்று. வெள்ளறடைப் பக்கத்துத் தோட்டங்கள் சரிவில் படிப்படியாக வெட்டப்பட்டவை. மழைநீரைத் தேக்க இடையிடையே குழிகளும் உண்டு. நிறைசினையான மாடு சறுக்கி விழுந்து புரண்டால் கருப்பை முறுக்கிக்கொள்ளக்கூடும்; அந்நிலையில் ஈனுதல் தானே நடவாது. எட்டாம் மாதத்துக்குப் பின் சரிவில் ஏற்றாமல் சமதரையில் சிறிது நடக்க விட்டால் போதும்.

ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்னதாகக் கறவையை நிறுத்திவிட வேண்டும். பால் விலை கண்ணில் படும் குடும்பத்துக்கு இது கடினந்தான். ஆனால் அந்த 60 நாளில் மடி ஓய்வு கொண்டு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. கடைசிவரை கறந்தவன் அடுத்த ஈற்றில் அதற்கு வட்டி கட்டுகிறான். ஓய்வில் நிற்கும் பசுதானே என்று தீவனத்தையும் உடன் நிறுத்துவதே நம்மவர் செய்யும் பெரும்பிழை. நேர்மாறாகக் கொழுக்கக் கொழுக்கத் தின்னக் கொடுப்பதும் பிழையே. கொழுத்த பசுவுக்கு ஈற்று வருத்தும். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமலும் கைக்குத் தட்டுப்படும்படியாகவும் இருப்பதே அளவு. ஓணத்திலும் கலியாண வீட்டிலும் மிஞ்சிய சோற்றையும், பழுத்துக் கொட்டும் பலாப்பழத்தையும் வாளி வாளியாகக் கொடுத்துவிடாதீர்கள். மாவுப்பொருள் திடீரென மிகுந்தால் இரைப்பை புளித்து மாடு சாய்ந்துவிடும். அன்பினால் செத்த மாடுகள் கேரளத்தில் குறைவல்ல.

கடைசி மூன்று வாரத்தில் செய்யும் மற்றொரு பிழை, கன்றுக்கு எலும்பு வலுக்கும் என்று சுண்ணச்சத்து மருந்தைத் தாமாகவே வாங்கி ஊற்றுவது. அப்போது வெளியிலிருந்து மிகுதியாகக் கிடைத்துவிட்டால், எலும்பிலிருந்து சுண்ணத்தை எடுத்துத் தரும் உடலின் பொறி சோம்பிவிடுகிறது. ஈன்றவுடன் சீம்பாலுக்கும் பாலுக்கும் திடீரென்று சுண்ணம் தேவைப்படும்போது அது விழித்துக்கொள்வதற்குள் இரத்தத்தில் அளவு இறங்கி, காது சில்லிட்டுப் பசு எழ முடியாமல் படுத்துவிடும். இதனைப் பால் சுரம் என்று எழுதுகிறோம்; உண்மையில் சுரமே இதில் கிடையாது, உடல் குளிர்ந்திருக்கும். ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்த என் தொழிலாளர் எவரோ செய்த பிழை நிலைத்துவிட்டது. சுண்ண மருந்து வேண்டுவது ஈன்ற பிறகு. அதையும் மருத்துவர் சொற்படியே.

நாள் நிறையாமல் கன்று விழுந்தால் எல்லாவற்றையும் தீவனக் குறையின் மேல் போட்டுவிட முடியாது. கருச்சிதைவு நோய் என்னும் புரூசெல்லோசிஸ் தொற்றாகவும் இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடலாகாது. 2019 இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி இடும் ஏற்பாடு செய்யப்பட்டது.

பசும்புல்லுக்கு வழி என்ன என்று கேட்பீர்கள். நெல் வயல்கள் சுருங்கிய அப்பகுதிக்கு வைக்கோலே நாஞ்சில் நாட்டிலிருந்தும் நெல்லைச் சீமையிலிருந்தும் லாரியில் வரவேண்டியிருக்கிறது. ஆனால் தீவனப்புல்லுக்கு வயல் வேண்டுவதில்லை. தென்னையின் நிழலில் கினிப்புல் நன்கு வளரும். வேலியோரத்தில் வெயில் விழும் இடத்தில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லின் கரணையை ஊன்றலாம். பாசனமும் எருவும் குறைவறக் கிடைத்தால் அது ஏக்டருக்கு ஆண்டில் 350 முதல் 400 டன் வரை விளையும். நம் வீட்டுக் கொல்லையில் அதில் பாதியே கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 5 சென்ட் இடத்திலிருந்து நாளொன்றுக்கு 10 கிலோ அறுக்கலாம். தொழுவம் கழுவிய நீரை அதற்கே திருப்பிவிட்டால் எருவுக்கும் தனிச் செலவில்லை. இதனுடன் வேலியில் இரண்டு அகத்தி நின்றால் சினைப்பசுவின் பசுந்தீவனக் கவலை பெரும்பகுதி தீர்ந்துவிடும். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களிலும் குடகின் காப்பித் தோட்டங்களிலும் மாடு வைத்திருக்கும் நம்மவருக்கும் இது பொருந்தும். அங்கே ரப்பர் இலைக்குப் பதிலாகப் பூச்சிமருந்து தெளித்த வரிசைகளைக் கவனிக்க வேண்டும்.

அக்கா அப்பசுவை விற்கவில்லை. மறுமுறை சினைக்கு ஊசி போட்ட நாளில் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அன்று ஜனவரி முதல் நாள். 280 நாளைக் கூட்டினால் அக்டோபர் 8; அதற்கு 60 நாள் முன் ஆகஸ்ட் 9; ஆறு மாதம் நிறைவது ஜூலை முதல் நாளையொட்டி. இந்த மூன்று தேதிகளையும் அவர் தொழுவத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்தார். ஜூலை பிறந்ததும் பசுவைத் தோட்டத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார். பாறசாலைக் கடையிலிருந்து ஒரு மூட்டை தீவனம் வந்தது. மூட்டையின் விலையை எனக்கு நான்கு முறை சொல்லிக் காட்டினார் என்பதும் உண்மை. குறித்த நாளுக்கு இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் பசு ஈன்றது, பெண்கன்று. ஒரு மணி நேரத்துக்குள் அது தானே எழுந்து, தள்ளாடி, மடியைத் தேடிச் சீம்பால் குடித்தது என்று அக்கா சொன்னபோது, அவருடைய குரலுக்குப் பின்னால் கன்று கத்துவது எனக்குக் கேட்டது.